விசாரணைக் கவுண்டர் பதில்களே வருமானம் ஆன கதை
லண்டன் ரெயில்வே அதிகாரி பொழுதுபோக்காகத் தொடங்கியது, குடும்பத்துக்குச் சோறு போடுகிறது

ரெயில் நிலையங்களில் விசாரணைக் கவுண்டர் என்று ஒன்று உண்டு. "நாகர்கோவில் வண்டி எந்த பிளாட்பாரம்?", "எஸ்-5 பெட்டி எங்கே வந்து நிற்கும்?", "ஆர்.ஏ.சி. 12 என்றால் படுக்கை கிடைக்குமா?" என்று நாள் முழுவதும் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். உள்ளே இருப்பவரும் சலிக்காமல் பதில் சொல்லிக்கொண்டே இருப்பார். (சில சமயம் சலிப்பதும் உண்டு!) ஷிப்டு முடிந்து அவர் எழுந்ததும் அத்தனை பதில்களும் காற்றோடு போய்விடும்.

அந்தப் பதில்களைக் காற்றில் விடாமல் எழுதி வைத்தார் ஒருவர். காசு சம்பாதிக்கும் எண்ணம் எதுவும் இல்லை. மாலையில் ஆபீஸ் விட்டு வந்த பிறகு செய்த பொழுதுபோக்கு. ஆறு ஆண்டுகளில் அந்தப் பொழுதுபோக்கு அவருடைய உத்தியோகத்தையே விடச் செய்துவிட்டது.

அவர் பெயர் மார்க் ஸ்மித். இங்கிலாந்துக்காரர். அவருடைய இணையதளத்தின் பெயர் "61-ம் நம்பர் இருக்கைக்காரர்". மாதம் 10 லட்சம் பேருக்கு மேல் அதைப் பார்ப்பதாக அவரே அதில் எழுதி இருக்கிறார்.

ரெயிலில் படிக்க வாங்கிய புத்தகம்

மார்க் ஸ்மித் ரெயில்வேயில் ஊறியவர். 1990-ம் ஆண்டுகளின் தொடக்கத்தில் லண்டன் மாநகரின் சாரிங் கிராஸ், லண்டன் பிரிட்ஜ், கேனன் ஸ்ட்ரீட் ஆகிய மூன்று நிலையங்களுக்கும் நிலைய மேலாளராக இருந்தார். மூன்றும் கூட்டம் அலைமோதும் நிலையங்கள். நம் ஊரில் தாதரையும் குர்லாவையும் ஒருவரே கவனிப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு பிரிட்டிஷ் ரெயில்வேயைக் கூறு போட்டுத் தனியாரிடம் கொடுத்தார்கள். பல கம்பெனிகள் வந்தன. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு கட்டணம், ஒவ்வொரு விதி. மார்க் ஸ்மித் பயணிகள் குறை தீர்க்கும் பொறுப்பில் இருந்தார். பின்னர் ரெயில்வேயைக் கண்காணிக்கும் அரசு அலுவலகத்துக்குப் போனார். கடைசியாகப் போக்குவரத்து இலாகாவில் ரெயில் கட்டணப் பிரிவில் வேலை பார்த்தார். சுருக்கமாகச் சொன்னால், அவர் வேலையே டிக்கெட்டும் கட்டணமும்தான்.

2001-ம் ஆண்டு. ஒரு நாள் மாலை வீடு திரும்ப லண்டன் மேரிலிபோன் ரெயில் நிலையத்துக்கு வந்தார். வண்டியில் படிக்க ஏதாவது வேண்டும். நிலையத்துப் புத்தகக் கடையில் இணையப் பக்கம் எழுதக் கற்றுக்கொடுக்கும் புத்தகம் ஒன்று கண்ணில் பட்டது. விலை 2 பவுண்டு 95 பென்ஸ். அன்றைய மதிப்பில் நம் பணத்துக்குச் சுமார் 200 ரூபாய். வாங்கினார், படித்தார். படித்ததைச் செய்து பார்க்க ஒரு விஷயம் வேண்டுமே? தனக்கு நன்றாகத் தெரிந்ததையே எழுதினார்: லண்டனில் இருந்து ஐரோப்பாவின் மற்ற ஊர்களுக்கு விமானம் ஏறாமல், ரெயிலிலும் கப்பலிலும் எப்படிப் போவது?

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் அன்றைக்கு இந்தக் கேள்விக்கு விடை சொல்ல ஆள் இல்லை! லண்டன்-பாரீஸ் வண்டி ஓட்டும் கம்பெனி பாரீஸ் வரை சொல்லும். பிரான்ஸ் ரெயில்வே தன் எல்லை வரை சொல்லும். அதற்கு அப்பால் இத்தாலிக்காரனைக் கேட்க வேண்டும். ஒவ்வொருவரும் தம் சரக்கை மட்டும் விற்பார்கள். மதுரையில் இருந்து மும்பைக்கு வருகிறவருக்கு, தெற்கு ரெயில்வே பாதி வழியும் மத்திய ரெயில்வே மீதி வழியும் தனித்தனியாகச் சொல்லி, நடுவில் எங்கே மாறுவது என்பதை இரண்டு பேருமே சொல்லாமல் விட்டால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது.

நேரம், கட்டணம், எங்கே இறங்குவது, அடுத்த வண்டிக்கு எவ்வளவு அவகாசம் வேண்டும், டிக்கெட்டை யாரிடம் வாங்கினால் மலிவு என்பதை எல்லாம் வரிசையாக எழுதினார். இஸ்தான்புல் போக வேண்டுமா? பாரீஸ் போ, அங்கிருந்து ஜெர்மனி வழியாக வியன்னா, புடாபெஸ்ட், புகாரெஸ்ட் என்று வழி சொல்லும் பக்கம் இருக்கிறது. சைபீரியா வழியாக சீனா போகவும் பக்கம் இருக்கிறது.

ஏன் 61?

லண்டனுக்கும் பாரீசுக்கும் இடையே கடலுக்கு அடியில் சுரங்கம் வழியாக ஓடும் யூரோஸ்டார் ரெயில் 1994-ம் ஆண்டு நவம்பர் மாதம் தொடங்கியது. அதன் முதல் வகுப்பில் 61-ம் நம்பர் இருக்கையில் உட்கார்ந்தால் ஜன்னல் சரியாக நேர் எதிரே அமையும். மேஜை உண்டு, விளக்கு உண்டு. வேறு பல இருக்கைகளில் ஜன்னலுக்குப் பதில் சுவர்தான் தெரியும். மார்க் ஸ்மித் ஐரோப்பாவுக்குப் புறப்படும்போது எல்லாம் இந்த நம்பரைத்தான் கேட்டு வாங்குவார். அதையே இணையதளத்துக்குப் பெயராகவும் வைத்துவிட்டார்.

இதில் ஒரு தொழில் ரகசியம் இருக்கிறது. எந்த இருக்கையில் ஜன்னல் இருக்கிறது, எந்தப் பக்கம் உட்கார்ந்தால் மலை தெரியும், எந்தப் பக்கம் கடல் தெரியும் என்பதை எந்த ரெயில்வே கம்பெனியும் எழுதி ஒட்டுவது இல்லை. பயணிக்கு வேண்டியதோ அதுதான்! மும்பையில் லோக்கல் வண்டியில் போகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். எந்தப் பெட்டியில் ஏறினால் இறங்கும் இடத்தில் படிக்கட்டு நேராக வரும் என்பது சயானிலும் செம்பூரிலும் குடியிருக்கும் ஒவ்வொரு குமாஸ்தாவுக்கும் மனப்பாடம். யாரும் அதற்குக் காசு கொடுத்தது இல்லை, அவ்வளவுதான்.

அவருடைய தளத்தில் இந்திய ரெயில்களுக்கும் தனிப் பக்கம் இருக்கிறது. ஏ.சி. முதல் வகுப்பு முதல் ஸ்லீப்பர் வரை ஒவ்வொரு வகுப்பும் எப்படி இருக்கும், வெயிட்டிங் லிஸ்ட் என்றால் என்ன, ஆர்.ஏ.சி. என்றால் என்ன, தட்கல் எப்போது திறக்கும் என்பதை எல்லாம் வெள்ளைக்காரர்களுக்குப் புரியும்படி விளக்கி இருக்கிறார். நம் நாட்டு விசாரணைக் கவுண்டர் வேலையை இங்கிலாந்தில் இருந்து ஒருவர் செய்கிறார் என்பது வேடிக்கைதான்.

பணம் எங்கே இருந்து வருகிறது?

அவர் டிக்கெட் விற்பது இல்லை. தளத்தைப் படிக்கக் கட்டணமும் கிடையாது. பிறகு வரவு எப்படி?

தாதரில் ஜவுளிக்கடை இருக்கிறது. ஊரில் இருந்து வந்த உறவினரை நீங்கள் அந்தக் கடைக்கு அழைத்துப் போகிறீர்கள். அவர் 10,000 ரூபாய்க்குப் பட்டு எடுக்கிறார். "நல்ல கிராக்கியைக் கொண்டு வந்தீர்கள்" என்று கடைக்காரர் உங்கள் கையில் 300 ரூபாய் கொடுக்கிறார். உறவினருக்குப் புடவை விலை கூடவில்லை. கடைக்காரர் தன் லாபத்தில் இருந்துதான் கொடுத்தார். இதற்குப் பெயர் கமிஷன்.

இணையத்திலும் இதே கணக்குதான். மார்க் ஸ்மித்தின் பக்கத்தில் "இந்த டிக்கெட்டை இங்கே வாங்கலாம்" என்று ஒரு இணைப்பு இருக்கும். அதை அழுத்தினால் டிக்கெட் விற்கும் கம்பெனியின் தளம் திறக்கும். இந்தப் பயணி யார் அனுப்பி வந்தவர் என்பது ஒரு அடையாள எண் மூலம் அங்கே பதிவாகிவிடும். பயணி டிக்கெட் எடுத்தால் அனுப்பியவருக்குச் சிறு சதவீதம் போய்ச் சேரும். எடுக்காவிட்டால் ஒன்றும் இல்லை. ஓட்டல் அறைக்கும் இதே ஏற்பாடு உண்டு. அமேசான் புத்தகக் கடை 1996-ம் ஆண்டே இந்த முறையைத் தொடங்கிவிட்டது.

எவ்வளவு வரும்? ஒரு கணக்குக்காகப் பாருங்கள். 1,000 பேர் ஒரு பக்கத்தைப் படிக்கிறார்கள். அதில் 20 பேர் ஆளுக்கு 100 பவுண்டுக்கு டிக்கெட் எடுக்கிறார்கள். கமிஷன் நூற்றுக்கு 3 என்றால் வருவது 60 பவுண்டு. படித்த 1,000 பேரில் 980 பேர் நன்றிகூடச் சொல்லாமல் போய்விடுவார்கள். ஆகவே ஆயிரங்கள் போதாது. லட்சங்கள் வேண்டும். லட்சம் பேர் வர ஆண்டுக் கணக்கில் ஆகும்.

மார்க் ஸ்மித்துக்கு ஆறு ஆண்டுகள் ஆயின. 2001 முதல் 2007 வரை பகலில் இலாகா வேலை, மாலையிலும் விடுமுறையிலும் இணையதளம். 2007-ம் ஆண்டு செப்டம்பர் மாதம்தான் வேலையை விட்டார். அதாவது, தளம் குடும்பத்தைத் தாங்கும் என்று தெரிந்த பிறகு! மறு ஆண்டு அதே பெயரில் அவருடைய பயணப் புத்தகமும் வெளியானது.

எரிமலை கொடுத்தது, தொற்று எடுத்தது

2010-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஐஸ்லாந்து நாட்டில் ஒரு எரிமலை வெடித்தது. சாம்பல் புகை வானத்தை மூடியது. ஐரோப்பாவில் பல நாட்கள் விமானங்கள் பறக்கவில்லை. லட்சக்கணக்கானவர்கள் அங்கங்கே மாட்டிக்கொண்டார்கள். ரெயிலில் ஊர் திரும்ப வழி என்ன என்று தேடியவர்களுக்கு, ஒன்பது ஆண்டுகளாக எழுதி வைத்த பக்கங்கள் தயாராக இருந்தன. பத்திரிகைகளும் டெலிவிஷன்காரர்களும் மார்க் ஸ்மித்தைத் தேடி வந்தார்கள்.

அதே அதிர்ஷ்டம் 2020-ம் ஆண்டு மார்ச் மாதம் திரும்பிக்கொண்டது. கொரோனா வந்தது. எல்லைகள் மூடப்பட்டன. நம் நாட்டில் பயணிகள் ரெயில்களே அடியோடு நின்று, ஊர் போக முடியாமல் தவித்ததை மும்பைத் தமிழர்கள் மறக்க மாட்டார்கள். ஐரோப்பாவிலும் ரெயில்கள் காலியாகக் கிடந்தன. டிக்கெட் விற்காத மாதத்தில் கமிஷன் எங்கே இருந்து வரும்? மாதச் சம்பளத்துக்கும் இந்த வரவுக்கும் உள்ள வித்தியாசம் அப்போதுதான் உறைக்கும். சம்பளக்காரருக்கு வண்டி ஓடாவிட்டாலும் ஒன்றாம் தேதி வரும்.

நம் ஊரில் செய்தால்?

"நானும் ரெயில் விஷயம் அறிந்தவன்தான். ஊருக்குப் போகிறவர்களுக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்து ஆளுக்கு 200, 300 வாங்கினால் என்ன?" என்று சிலருக்குத் தோன்றும். பொங்கல், தீபாவளி நேரத்தில் இப்படிச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள்.

வேண்டாம்! இது குற்றம். ரெயில்வேயின் அனுமதி பெற்ற ஏஜெண்டு அல்லாதவர் டிக்கெட் வாங்கி விற்பதைத் தொழிலாகச் செய்தால், 1989-ம் ஆண்டு ரெயில்வே சட்டம் 143-வது பிரிவின்படி 3 ஆண்டு வரை ஜெயில் அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம். "சட்டம் வந்தபோது இணைய டிக்கெட்டே கிடையாதே, செல்போனில் எடுப்பதற்கு இது எப்படிப் பொருந்தும்?" என்று வாதாடிப் பார்த்தார்கள். இணையத்தில் எடுக்கும் டிக்கெட்டுக்கும் இந்தப் பிரிவு பொருந்தும் என்று 2025-ம் ஆண்டு ஜனவரி 9-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறிவிட்டது. சொந்த ஐ.டி.யில் அண்ணன் தம்பிக்கு எடுத்துக் கொடுப்பது வேறு. லாபத்துக்கு விற்பது வேறு.

டிக்கெட் விற்காமல், தகவல் மட்டும் சொல்லிப் பிழைக்க முடியுமா? முடியும் என்பதற்கு மும்பையிலேயே சாட்சி இருக்கிறது. லோக்கல் வண்டி நேரம் பார்க்க உங்கள் செல்போனில் "எம்-இண்டிகேட்டர்" வைத்திருப்பீர்கள். சச்சின் தேகே என்ற மும்பை இளைஞர் 2010-ம் ஆண்டு உருவாக்கியது அது. நேரம் பார்க்க யாரும் காசு கொடுப்பது இல்லை. ஆனால் திரையில் விளம்பரம் வருவதைக் கவனித்திருப்பீர்கள்.

விளம்பர வருமானம்

இந்த விளம்பர வழியில்தான் நம் நாட்டில் பலர் இறங்கி இருக்கிறார்கள். கூகிள் நிறுவனம் 2003-ம் ஆண்டு "ஆட்சென்ஸ்" என்ற ஏற்பாட்டைத் தொடங்கியது. நீங்கள் எழுதும் பக்கத்தில் ஒரு மூலையை கூகிளுக்கு விட்டுக்கொடுக்கிறீர்கள். வீட்டுச் சுவரில் சினிமா போஸ்டர் ஒட்டிக்கொள்ள இடம் கொடுப்பதுபோல. அந்த இடத்தில் அவர்கள் விளம்பரம் போடுவார்கள். விளம்பரக்காரர் கொடுக்கும் 100 ரூபாயில் சராசரியாக 68 ரூபாய் பக்கத்துக்குச் சொந்தக்காரருக்கு வரும் என்பது கூகிள் சொல்லும் கணக்கு.

ஆக்ராவைச் சேர்ந்த அமித் அகர்வால் ஐ.ஐ.டி.யில் படித்தவர். ஐதராபாத்தில் நல்ல வேலையில் இருந்தார். 2004-ம் ஆண்டு அதை விட்டுவிட்டு, கம்ப்யூட்டரில் இதை எப்படிச் செய்வது, அதை எப்படிச் சரி செய்வது என்று வீட்டில் இருந்து எழுதத் தொடங்கினார். இதையே முழுநேரத் தொழிலாகச் செய்த முதல் இந்தியர் என்று அவரைச் சொல்வார்கள். ஆனால் அவர் எழுதியது ஆங்கிலத்தில். உலகம் முழுவதும் வாசகர்கள். அமெரிக்க விளம்பரங்கள். டாலரில் வரவு.

தமிழில் எழுதியவர்கள் நெடுங்காலம் இந்தப் பந்தியில் உட்கார முடியவில்லை! தமிழ்ப் பக்கங்களை கூகிள் விளம்பர ஏற்பாட்டில் சேர்த்ததே 2018-ம் ஆண்டு பிப்ரவரியில்தான். இந்திக்கு 2014-ம் ஆண்டின் கடைசியிலேயே கொடுத்துவிட்டார்கள். அதற்குள் ஆர்வத்தோடு எழுதிய பலர் களைத்து நிறுத்திவிட்டார்கள் என்பதுதான் வருத்தம். இப்போதும் தமிழ்ப் பக்கத்துக்கு வரும் விளம்பரத்தின் விலை ஆங்கிலத்துக்கு வருவதைவிடக் குறைவுதான். எழுத நினைப்பவர் இதைத் தெரிந்துகொண்டு இறங்குவது நல்லது.

பழைய 5 ரூபாய் நோட்டுக்கு லட்சமா?

எதைப் பற்றி எழுதுவது? தனக்குத் தெரிந்ததை, அதிலும் மற்றவர் எழுதாமல் விட்டதை. சினிமா, கிரிக்கெட் என்று இறங்கினால் பெரிய பத்திரிகைகளோடு மோத வேண்டும். 78 சுற்று இசைத்தட்டுகளைத் தேடிச் சேர்ப்பவர், சாளின் வராந்தாவில் தொட்டி வைத்து மல்லிகை பூக்க வைப்பவர், பழைய தையல் மிஷினைப் பழுது பார்ப்பவர் போன்றவர்களிடம் இருக்கும் விவரம் வேறு எங்கும் கிடைக்காது. அப்படிப்பட்ட பக்கத்துக்கு 500 பேர் வந்தாலும் அந்த 500 பேரும் அதற்காகவே வருகிறவர்கள். ஊசியோ, எண்ணெயோ, மண்ணோ வாங்கப் போகிறவர்கள். கமிஷனுக்கு அதுதான் வேண்டும்.

நாணயம், தபால்தலை சேர்க்கும் பழக்கம் தமிழர்களிடையே அதிகம். ஆனால் நாணயத்தில் இரண்டு கண்ணிகள் இருக்கின்றன. முதலாவது, 100 ஆண்டுக்கு மேல் பழைய நாணயம் 1972-ம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள் ஆகலாம். அதை வாங்கி விற்கும் தொழிலுக்கு லைசென்ஸ் வேண்டும். நாணயத்தைப் பற்றி எழுத எந்த லைசென்சும் வேண்டாம்.

இரண்டாவது கண்ணிதான் மோசமானது. "டிராக்டர் படம் போட்ட பழைய 5 ரூபாய் நோட்டு இருக்கிறதா? லட்சக்கணக்கில் வாங்கிக்கொள்கிறோம்" என்று செல்போனில் வலை விரிக்கிறார்கள். படம் அனுப்பச் சொல்வார்கள். "உங்கள் நோட்டு தேர்வாகிவிட்டது, கமிஷன் கட்டுங்கள், வரி கட்டுங்கள்" என்பார்கள். ரிசர்வ் வங்கியின் பெயரையும் முத்திரையையும்கூடப் போட்டுக் காட்டுவார்கள். இப்படிப்பட்ட வியாபாரம் எதிலும் தங்களுக்குச் சம்பந்தம் இல்லை, யாரிடமும் கட்டணம் கேட்பதும் இல்லை என்று 2021-ம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் ரிசர்வ் வங்கியே அறிவித்தது. இதுபோன்ற வலைகள் இன்னும் விரிக்கப்பட்டுக்கொண்டுதான் இருக்கின்றன.

இதே ஜாதியைச் சேர்ந்தவைதான் "வீட்டில் இருந்தே இணையத்தில் சம்பாதிக்கலாம், பதிவுக் கட்டணம் 5,000" என்ற விளம்பரங்களும். முதல் இரண்டு நாள் 150, 200 என்று நம் கணக்கில் பணம் போட்டு நம்ப வைப்பார்கள். பிறகு நம் சேமிப்பைக் கறந்துவிடுவார்கள். உண்மையான விளம்பர நிறுவனமோ, கமிஷன் கொடுக்கும் நிறுவனமோ சேருவதற்கு ஒரு பைசா கேட்பது இல்லை. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்து புகார் கொடுக்க வேண்டும். உடனே சொன்னால் பணத்தை வங்கியில் நிறுத்தி வைக்க வழி உண்டு. வெட்கப்பட்டுக்கொண்டு இரண்டு நாள் சும்மா இருந்துவிட்டால் கிடைப்பது கஷ்டம்.

அரசு ஊழியர்கள் கவனத்துக்கு

மத்திய அரசு, ரெயில்வே ஆபீசுகளில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு விதி இருக்கிறது. 1966-ம் ஆண்டு ரெயில்வே ஊழியர் நடத்தை விதிகளின் 15-வது விதியும், 1964-ம் ஆண்டு மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகளின் 15-வது விதியும் ஒன்றையே சொல்கின்றன: முன் அனுமதி இல்லாமல் நேரடியாகவோ மறைமுகமாகவோ எந்த வியாபாரத்திலும் ஈடுபடக் கூடாது. எப்போதாவது கதை, கட்டுரை எழுதுவது, கலைப் பணி செய்வது ஆகியவற்றுக்கு இடம் உண்டு. அதுவும் ஆபீஸ் வேலைக்குக் குந்தகம் வராமல்! மாதாமாதம் கமிஷன் வரும் இணையதளம் இந்த இரண்டில் எந்தப் பக்கம் விழும்? "நான் எழுதுகிறேன், அவ்வளவுதான்" என்று ஊழியர் சொல்லலாம். மேலதிகாரி "வியாபாரம்" என்று குறிப்பு எழுதினால் பென்ஷன் வரைக்கும் தொல்லைதான். எழுத்து மூலம் அனுமதி கேட்டு, பதிலைக் கோப்பில் வைத்துக்கொண்டு தொடங்குவதே புத்திசாலித்தனம். மனைவி பெயரில் நடத்தினால் தப்பிக்கலாம் என்று நினைப்பவர்கள் "மறைமுகமாக" என்ற வார்த்தையை இன்னொரு முறை படித்துப் பார்க்கட்டும். குடும்பத்தினர் தொழில் செய்தால் அதையும் இலாகாவுக்குத் தெரிவிக்க வேண்டும்.

தனியார் கம்பெனிக்காரர்களும் தங்கள் நியமன உத்தரவை எடுத்துப் பார்க்க வேண்டும். "வேறு தொழில் செய்யக் கூடாது" என்ற வரி பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும்.

காசே வேண்டாம் என்பவர்கள்

எல்லோரும் பணத்துக்காகவே செய்கிறார்கள் என்று சொல்ல முடியாது. இந்திய ரெயில்வே ரசிகர் மன்றம் என்று ஒன்று இருக்கிறது. 1989-ம் ஆண்டு தொடங்கியது. என்ஜின் வகை, சிக்னல் விவரம், பழைய பாதைகள், படங்கள் என்று அவர்கள் சேர்த்து வைத்திருப்பது ஒரு நூலகம் அளவுக்கு இருக்கிறது. ரெயில்வேக்காரர்களே சந்தேகம் வந்தால் அதைப் பார்ப்பது உண்டு. நடத்துபவர்கள் எல்லோரும் சம்பளம் இல்லாத தொண்டர்கள்.

பணம் வந்த பிறகு தளம் கை மாறிப் போவதும் நடக்கிறது. பில் ஆஸ்கே என்ற ஆங்கிலேயர் டிஜிட்டல் கேமராக்களைப் பரிசோதித்து எழுத 1998-ம் ஆண்டு ஒரு தளம் தொடங்கினார். கேமரா வாங்குகிறவர்கள் அதைப் பார்க்காமல் வாங்குவது இல்லை என்ற நிலை வந்தது. 2007-ம் ஆண்டு அமேசான் அதை விலைக்கு வாங்கியது. 2023-ம் ஆண்டு மார்ச் மாதம், "அடுத்த மாதம் மூடிவிடுகிறோம்" என்று அமேசான் திடீரென்று அறிவித்தது. 25 ஆண்டு உழைப்பு அழியப் போகிறதே என்று உலகம் எங்கும் புகைப்படக்காரர்கள் கூக்குரல் எழுப்பினார்கள். நல்லவேளையாக ஜூன் மாதம் வேறு ஒரு நிறுவனம் வாங்கிக்கொண்டதால் அது பிழைத்தது.

இப்போது புதிதாக ஒரு இடி. கூகிளில் எதையாவது தேடினால், செயற்கை நுண்ணறிவு எழுதிய பதில் உச்சியிலேயே வந்துவிடுகிறது. நம் நாட்டில் 2024-ம் ஆண்டு ஆகஸ்டு முதல் இது நடைமுறையில் இருக்கிறது. பதில் மேலேயே கிடைத்துவிட்டால் கீழே உள்ள தளத்துக்குள் எத்தனை பேர் போவார்கள்? போகாவிட்டால் விளம்பரமும் இல்லை, கமிஷனும் இல்லை. "வண்டி எத்தனை மணிக்கு?" என்பதுபோன்ற கேள்விகளை நம்பி நடத்தும் தளங்களுக்குத்தான் அடி அதிகம். பெட்டிக்குள் போய் உட்கார்ந்து பார்த்து, ஜன்னல் இருக்கிறதா இல்லையா என்று படத்தோடு எழுதியவர்களுக்கு இன்னும் ஓரளவு மவுசு இருக்கிறது.

தபால்காரர் கொண்டு வரும் எண்

இதை எல்லாம் கேட்ட பிறகும் முயன்று பார்க்க விரும்புகிறவர்களுக்குச் சில நடைமுறை விவரங்கள்.

தளத்துக்குப் பெயர் பதிவு செய்ய ஆண்டுக்குச் சில நூறு ரூபாய் முதல் ஆயிரம் ரூபாய் வரை ஆகும். முதல் ஆண்டு மலிவாகக் கொடுத்துவிட்டு இரண்டாம் ஆண்டு கூட்டுவார்கள். பார்த்து வாங்க வேண்டும். எழுதுவதற்கான ஏற்பாடுகள் இலவசமாகவே கிடைக்கின்றன. வரும் பணத்தை வருமான வரிக் கணக்கில் காட்ட வேண்டும். நேராக வங்கிக் கணக்குக்கு வரும் பணம் என்பதால் மறைக்கவும் முடியாது. பெரும்பாலான மாநிலங்களில் சேவைத் தொழிலின் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் ஜி.எஸ்.டி. பதிவு கேட்பார்கள். அந்தக் கவலை வந்தால் நல்லதுதான்!

விளம்பர வரவு 100 டாலர் சேர்ந்தால்தான் கூகிள் பணம் அனுப்பும். மாதத்தின் 21-ந் தேதியில் இருந்து 26-ந் தேதிக்குள் அனுப்புவார்கள். புதிதாகத் தொடங்குகிறவருக்கு முதல் 100 டாலர் சேர ஓர் ஆண்டுக்கு மேலேகூட ஆகலாம்.

அதற்கு முன்பே, 10 டாலர் சேர்ந்தவுடன், நீங்கள் கொடுத்த முகவரிக்கு ஒரு கடிதம் வரும். உள்ளே ஒரு ரகசிய எண் இருக்கும். அதைத் தளத்தில் பதிவு செய்தால்தான் பணம் வரும். இங்கேதான் வெளியூரில் குடியிருப்பவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். கடிதம் சாதாரணத் தபாலில் வருகிறது. வாங்கியதற்குக் கையெழுத்து கிடையாது. தாராவியிலும் ஆன்டாப் ஹில்லிலும் ஒரே சாளில் ஒரே பெயரில் நாலு பேர் இருப்பார்கள். ரூம் நம்பர், சால் பெயர், எந்தக் கடைக்கு எதிரே என்ற அடையாளம், பின்கோடு எல்லாம் சரியாகக் கொடுக்க வேண்டும். வாடகை வீடு மாறுவதாக இருந்தால் முன்கூட்டியே முகவரியைத் திருத்திவிட வேண்டும். ஊர் முகவரியைக் கொடுத்தால், கடிதம் வந்ததும் பிரித்து எண்ணைச் சொல்ல அங்கே ஒரு ஆள் இருக்க வேண்டும். கடிதம் வராவிட்டால் மறுபடி கேட்கலாம். முதல் எண் உருவான நாளில் இருந்து நாலு மாதத்துக்குள் பதிவு செய்யாவிட்டால் விளம்பரங்களை நிறுத்திவிடுவார்கள்.